பிரிப்பதா, பங்கிடுவதா?

ஒரு பெரிய சர்வர் வந்து இறங்குகிறது. அதில் மூன்று வேலைகள் ஓட வேண்டும். பகலெல்லாம் வாடிக்கையாளர்களின் பரிவர்த்தனைகளைப் பார்க்கும் டேட்டாபேஸ் ஒன்று. இரவில் தொடங்கி, விடிவதற்குள் முடிந்தே ஆக வேண்டிய பேட்ச், அதாவது மொத்தமாக ஓடும் வேலை, ஒன்று. இவை போக, எந்த நேரத்திலும் யாராவது கேட்கக்கூடிய ரிப்போர்ட்டுகள். மூன்றையும் ஒரே பெட்டியில் எப்படி உட்கார வைப்பது என்று கூட்டம் கூடினால், அறை இரண்டாகப் பிரியும். "சர்வரைத் துண்டு போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுங்கள், யாரும் யாரையும் தொட வேண்டாம்" என்பார்கள் ஒரு பக்கம். "எல்லாம் ஒரே ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடட்டும், யாருக்கு எவ்வளவு என்று விதி போட்டுக்கொள்ளலாம்" என்பார்கள் மறுபக்கம். முதலாவது பார்ட்டிஷன். இரண்டாவது ஒர்க்லோடு மேனேஜ்மென்ட், அதாவது வளப் பங்கீடு.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இந்த விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. யூனிக்ஸ் பெட்டிகள் போய் லினக்ஸ் வந்தது, விர்ச்சுவல் மெஷின் வந்தது, ஒரே ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள் நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் கன்டெய்னர் வந்தது. கேள்வி அப்படியே இருக்கிறது. பெரும்பாலும் இதை எந்தத் தொழில்நுட்பம் உசத்தி என்கிற கேள்வியாகவே பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. வளப் பங்கீடு என்பது, நெருக்கடி வரும்போது யார் காத்திருப்பது என்பதைப் பற்றிய ஓர் உடன்பாடு. பார்ட்டிஷன் என்பது, அப்படி ஓர் உடன்பாடே தேவைப்படாதபடி செய்துகொள்ளும் ஏற்பாடு. அந்த உடன்பாட்டைச் செய்யவும் பல வருடம் காப்பாற்றவும் உங்கள் நிறுவனத்தால் முடியுமா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். எந்த மென்பொருள் வாங்குவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பார்ட்டிஷன் என்ற சொல்லுக்குள்ளேயே பல கெட்டித்தன்மைகள் இருக்கின்றன. மிகக் கெட்டியானதற்கு நல்ல உதாரணம் சன் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த என்டர்பிரைஸ் 10000. ஸ்டார்ஃபயர் என்றால்தான் பலருக்கும் தெரியும். அதன் மூலம் க்ரே நிறுவனத்தின் வடிவமைப்பு. 1996-இல் க்ரேயை வாங்கிய சிலிக்கான் கிராஃபிக்ஸ், அந்தப் பிரிவை மட்டும் சன்னுக்கு விற்றுவிட்டது. ஸ்டார்ஃபயரில் 16 போர்டுகள், ஒவ்வொன்றிலும் 4 சிபியு, மொத்தம் 64. இந்தப் போர்டுகளைக் குழுவாகச் சேர்த்து 'டொமைன்' என்று பிரிக்கலாம். ஒவ்வொரு டொமைனும் தனி சோலாரிஸ் (சன்னின் யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்), தனி ரீபூட். ஒரு டொமைனில் சிபியு பழுதாகி விழுந்தாலும் பக்கத்து டொமைன் ஓடிக்கொண்டிருக்கும். ஹெச்பி 2000-இல் கொண்டுவந்த சூப்பர்டோமிலும் என்பார் என்ற பெயரில் இதே மாதிரி வன்பொருள் பிரிவினை இருந்தது.

ஐபிஎம் வழி வேறு. மெயின்ஃபிரேமில் 1988-லேயே, பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோகோடு அடுக்கு (வன்பொருளோடு சேர்ந்தே வரும் மென்பொருள்) ஒன்று ஒரே இயந்திரத்தை எல்பார்களாக, அதாவது லாஜிக்கல் பார்ட்டிஷன்களாக, பிரித்துக் கொடுத்தது. யூனிக்ஸ் பக்கம் 2001-இல் பவர்4 சிப்போடு எல்பார் வந்தபோது, ஒரு பார்ட்டிஷனுக்குக் குறைந்தது ஒரு முழு சிபியு தர வேண்டும். 2004-இல் பவர்5 வந்ததும் அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஒவ்வொரு 10 மில்லிசெகண்டிலும் உங்கள் பார்ட்டிஷனுக்கு 1 மில்லிசெகண்ட் உறுதி. அதோடு, 'அன்கேப்டு' என்று குறித்துவிட்டால், பக்கத்து பார்ட்டிஷன் பயன்படுத்தாமல் விட்ட நேரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். பலர் போட்டியிட்டால் 'வெயிட்' என்ற எண்ணைப் பார்த்து ஹைப்பர்வைசர், அதாவது பார்ட்டிஷன்களுக்கு அடியில் இருந்து பெட்டியைப் பங்கிடும் மென்பொருள், பிரித்துக் கொடுக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உறுதியளித்த பங்கு, உச்சவரம்பு, போட்டியில் முன்னுரிமை எண் என்று இவை மூன்றும் வந்துவிட்ட பிறகு, அதைப் பார்ட்டிஷன் என்று சொல்வதா, வளப் பங்கீடு என்று சொல்வதா? பெயர் பார்ட்டிஷன். சிபியு விஷயத்தில் அது செய்கிற வேலை பங்கீடு. பங்கிடும் ஆள்தான் ஆபரேட்டிங் சிஸ்டத்திலிருந்து ஹைப்பர்வைசருக்கு இறங்கியிருக்கிறார். விஎம்வேரின் ஹைப்பர்வைசரில் ரிசர்வேஷன், லிமிட், ஷேர்ஸ் என்று வருவதும் இதே மூன்றுதான். ஆகவே "நாங்கள் பார்ட்டிஷன் போட்டுவிட்டோம், பங்கீட்டுத் தலைவலி இல்லை" என்று யாராவது சொன்னால், கேப்டா (வரம்பிட்டதா) அன்கேப்டா (வரம்பில்லாததா) என்று கேளுங்கள். அன்கேப்டு என்றால் உடன்பாடு ஒன்று தேவைதான். அது எழுதப்படாமல் இருக்கிறது, அவ்வளவே.

பங்கீட்டின் கதை இன்னும் சுவையானது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஜூடி கே, பியர்ஸ் லாடர் இருவரும் 1988-இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. சிபியு யாருக்கு எப்போது என்று தீர்மானிக்கும் சாதாரண யூனிக்ஸ் ஷெட்யூலர், ஒவ்வொரு பிராசஸையும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலையும், சமமாக நடத்தும். அப்படியென்றால் பத்து பிராசஸ் ஓட்டும் மாணவருக்கு, ஒன்றே ஒன்று ஓட்டும் மாணவரைவிடப் பத்து மடங்கு கிடைக்கும். நியாயம் பிராசஸுக்கா, மனிதருக்கா என்பதுதான் அவர்கள் கேட்டது. அவர்கள் கொண்டுவந்த 'நியாயப் பங்கு' ஷெட்யூலர் பயனருக்கும் குழுவுக்கும் பங்கு கொடுத்தது. பின்னாளில் சோலாரிஸில் வந்த ரிசோர்ஸ் மேனேஜரும் சோலாரிஸ் 9-இன் எஃப்எஸ்எஸ் (நியாயப் பங்கு) ஷெட்யூலரும் அந்தச் சிந்தனையின் வழியில் வந்தவை. லினக்ஸில் கூகுள் பொறியாளர்கள் 2006-இல் தொடங்கி, 2008 ஜனவரியில் 2.6.24 கர்னலில் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) சேர்ந்த சிகுரூப், அதாவது பிராசஸ்களைக் குழுவாக்கிப் பங்கு தரும் வசதி, செய்வதும் அதையே. இன்று கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் ஒரு கன்டெய்னருக்கு ரிக்வெஸ்ட் என்று நீங்கள் எழுதும் சிபியு எண், கடைசியில் சிகுரூப்பின் வெயிட்டாகத்தான் போய்ச் சேருகிறது.

பங்கு எண்களில் பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ஒரு குழுவுக்கு 300, இன்னொன்றுக்கு 100 என்று எழுதினால், முதல் குழுவுக்கு 75 சதவீதம் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் சிபியு கேட்டால் மட்டுமே அது உண்மை. முதல் குழு தூங்கினால் இரண்டாவது குழு முழு சர்வரையும் எடுத்துக்கொள்ளும். அது நல்லதுதான், பங்கீட்டின் லாபமே அங்கேதான் இருக்கிறது. ஆனால் மூன்றாவதாக ஒரு குழு 400 பங்கோடு வந்து சேர்ந்தால், முதல் குழுவின் 75 சதவீதம் யாரும் தொடாமலேயே 37.5 ஆகிவிடும். அவர்களுடைய எண் 300 என்றே இருக்கும். பங்கு எண்ணை மாற்றும் உரிமை யாருக்கு, புதிய குழுவைச் சேர்க்க யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதி வைக்காத இடத்தில் இது நிச்சயம் நடக்கும்.

பங்கீட்டை மிக ஆழமாக யோசித்துச் செய்தவர்கள் மெயின்ஃபிரேம்காரர்கள் என்பது என் எண்ணம். 1994-இல் எம்விஎஸ் என்ற மெயின்ஃபிரேம் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் வந்த ஒர்க்லோடு மேனேஜரில், பங்கு எண் கொடுப்பதற்குப் பதிலாக இலக்கைச் சொல்லலாம். "இந்த வகைப் பரிவர்த்தனைகளில் 90 சதவீதம் அரை செகண்டுக்குள் முடிய வேண்டும்" என்று எழுதி, அதற்கு 1 முதல் 5 வரை ஒரு முக்கியத்துவ எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும். இலக்கு எட்டப்படுகிறதா என்று ஒரு குறியீட்டெண்ணை அது தொடர்ந்து கணக்கிடும். 1-க்குக் கீழே இருந்தால் சரி. மேலே போனால், முக்கியத்துவம் குறைந்த வேலையிடமிருந்து எடுத்து இதற்குக் கொடுக்கும். 'டிஸ்கிரிஷனரி' என்று குறித்த வேலைகள் மிச்சம் மீதியில் ஓடும். யார் காத்திருப்பது என்பது கொள்கைக் கோப்பிலேயே எழுதியிருக்கும்.

இது அங்கே வேலை செய்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, யூனிக்ஸ் உலகம் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. மெயின்ஃபிரேமில் சிஐசிஎஸ் (பரிவர்த்தனை நிர்வாகி), டிபி2 (டேட்டாபேஸ்) போன்றவை, வந்த வேலை எந்த வகை என்பதை ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குச் சொல்லிவிடும். பரிவர்த்தனைக்கே அடையாளம் உண்டு. யூனிக்ஸிலும் லினக்ஸிலும் கர்னலுக்குத் தெரிவது பிராசஸும் அதற்குள் ஓடும் த்ரெட்டும்தான். ஒரே டேட்டாபேஸுக்குள் பணம் செலுத்தும் கோரிக்கையும் மாதக் கடைசி ரிப்போர்ட்டும் ஒரே பிராசஸ் கூட்டத்தின் வழியாக ஓடினால், வெளியில் எவ்வளவு நுட்பமாக சிகுரூப் போட்டாலும் அந்த இரண்டையும் பிரிக்க முடியாது. பெயர் சொல்லி அழைக்க முடியாத வேலையை நிர்வகிக்கவும் முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் டேட்டாபேஸின் சொந்த ரிசோர்ஸ் மேனேஜரைப் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் ரிப்போர்ட்டுக்குத் தனி ரெப்ளிகா (பிரதி) வைத்து நகர்த்திவிட வேண்டும். எந்த வழியில் போவது என்ற விவாதத்துக்குப் போகும் முன்பே இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம்: உங்கள் வேலைகள் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிகின்றனவா?

சரி, கணக்குக்கு வருவோம். பார்ட்டிஷனால் வீணாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதுதான் பலரும் உணராதது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங், நூறு வருடத்துக்கு முன்பே இதற்கான கணிதத்தைக் கொடுத்துவிட்டார். ஒரு கோரிக்கைக்கு 100 மில்லிசெகண்ட் சிபியு தேவை, கோரிக்கைகள் ஒழுங்கில்லாமல் வருகின்றன, சிபியு 80 சதவீதம் பிஸி என்று வையுங்கள். இரண்டு குழுக்களுக்கு ஆளுக்கொரு சிபியு பிரித்துக் கொடுத்தால், சராசரி பதில் நேரம் 500 மில்லிசெகண்ட். அதே இரண்டு சிபியுவையும் ஒரே வரிசையில் இருவரும் பகிர்ந்துகொண்டால், அதே 80 சதவீத பிஸியில், சுமார் 278 மில்லிசெகண்ட். புதிதாக ஒரு சிபியுகூட வாங்காமல் காத்திருப்பு கிட்டத்தட்ட பாதியாகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர் வரிசையில் நிற்க, அந்தப் பக்கம் சிபியு சும்மா இருக்கும் நொடிகள்தான் அந்த வித்தியாசம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: இரு குழுக்களின் கோரிக்கைகளும் ஒரே மாதிரியானவை. ஒன்று 100 மில்லிசெகண்ட், இன்னொன்று பத்து நிமிடம் என்றால் நிலைமை தலைகீழாகலாம். சிபியுவில் கர்னல் நடுவில் இடைமறித்து ஆளை மாற்றிவிடும் என்பதால் பெரிய சேதம் இல்லை. டேட்டாபேஸ் லாக், டிஸ்க் வரிசை, கனெக்‌ஷன் பூல் போன்ற இடங்களில் அப்படி இடைமறிக்க முடியாது. நீளமான வேலை உள்ளே போய்விட்டால், குட்டி வேலைகள் எல்லாம் அதற்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். அதனால் ஒரே குணமுள்ள வேலைகளைச் சேர்த்து வைப்பதும், குணம் வேறுபட்ட வேலைகளைப் பிரித்து வைப்பதும் நல்லது என்று நான் எப்போதும் சொல்வேன். பல இடங்களில் இதற்கு நேர்மாறாகத் துறைவாரியாகப் பிரிக்கிறார்கள். கணக்குத் துறைக்கு ஒரு பார்ட்டிஷன், விற்பனைத் துறைக்கு ஒரு பார்ட்டிஷன். ஒவ்வொன்றுக்குள்ளும் குட்டி வேலையும் பெரிய வேலையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கும். இரண்டு வழிகளின் தீமையையும் ஒன்றாக வாங்கிக்கொள்ளும் அமைப்பு அது.

வரம்பு விதிப்பதிலும் இப்படி ஓர் ஆபத்து உண்டு. லினக்ஸில் ஒரு கன்டெய்னருக்கு 2 சிபியு வரம்பு என்றால், இரண்டு சிபியு தனியாக ஒதுக்கப்படுவதாக நினைக்கிறோம். உண்மையில் நடப்பது, ஒவ்வொரு 100 மில்லிசெகண்ட் இடைவெளிக்கும் 200 மில்லிசெகண்ட் சிபியு நேரம் என்ற ரேஷன். 32 கோர் (சிப்புக்குள் இருக்கும் தனித்தனி சிபியு) உள்ள சர்வரில் உங்கள் நிரல் 20 த்ரெட்டுகளை ஒரே நேரத்தில் எழுப்பினால், அந்த 200 மில்லிசெகண்டும் 10 மில்லிசெகண்டில் தீர்ந்துவிடும். மீதி 90 மில்லிசெகண்ட் எல்லோரும் கட்டிப்போட்டபடி நிற்பார்கள். அருகில் சும்மா இருக்கும் கோர்கள் எவ்வளவு இருந்தாலும் கிடைக்காது. நான் உதவப் போன ஓரிடத்தில் சர்வீஸ் ஒன்று விட்டுவிட்டுத் திணறியது. சிபியு கிராஃப் 30 சதவீதத்தைத் தாண்டவில்லை என்பதால் நெட்வொர்க், டேட்டாபேஸ், கார்பேஜ் கலெக்டர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்திருந்தார்கள். சிகுரூப்பின் சிபியு புள்ளிவிவரக் கோப்பில் எத்தனை முறை கட்டிப்போடப்பட்டது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த எண் ஓடிக்கொண்டே இருந்தது. கர்னலிலேயே இந்த ரேஷன் கணக்கில் இருந்த ஒரு கோளாறு 2019-இல், 5.4 பதிப்பில்தான் சரியானது. அதனால் பழைய கர்னல் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அதனால்தான் சிபியுவுக்கு ரிக்வெஸ்ட் மட்டும் போடுங்கள், லிமிட் பெரும்பாலும் வேண்டாம் என்கிறேன். மெமரியில் இதற்கு நேர்மாறு. கூகுள் தன் இயந்திரங்களில் வேலைகளைப் பங்கிட்டு ஓட்டும் போர்க் அமைப்பைப் பற்றி 2015-இல் வந்த ஆய்வுக் கட்டுரை, வளங்களை அழுத்தக்கூடியவை, அழுத்த முடியாதவை என்று இரண்டாகப் பிரிக்கிறது. சிபியு அழுத்தக்கூடியது. இப்போது பிடுங்கினால் வேலை மெதுவாகும், பிறகு கொடுத்தால் வேகம் திரும்பிவிடும். மெமரியைப் பிடுங்கினால் பிராசஸ் செத்துப்போகும், அல்லது டிஸ்க்கில் இருக்கும் ஸ்வாப்புக்குப் போய்ச் சாகாமல் சாகும். விஎம்வேரின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-இல் விவரித்த பலூன் உத்தி, விருந்தாளி ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளிருந்தே மெமரியைத் திரும்பப் பெறும் அழகான யோசனை. ஆனால் தரவை மெமரியிலேயே வைத்துக்கொள்ளும் பெரிய பஃபர் கேஷை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் டேட்டாபேஸிடம் பலூன் எதைப் பெற முடியும்? அப்படிப்பட்ட வேலைக்கு மெமரி எப்போதுமே பார்ட்டிஷன்தான், நீங்கள் அப்படிப் பெயர் வைத்தாலும் வைக்காவிட்டாலும். குபெர்னெட்டிஸில் மெமரி ரிக்வெஸ்ட்டையும் லிமிட்டையும் ஒரே எண்ணாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

இனி சுவரின் எல்லைகள். ஹைப்பர்வைசர் அளவில் பிரித்தால் கோர்கள் பிரியும், மெமரி அளவு பிரியும். சிப்பின் கடைநிலை கேஷும் (சிப்புக்குள் இருக்கும் வேக மெமரி) மெமரிக்குப் போகும் பாதையும் பொதுவாகவே இருக்கும். இன்டெல் சிப்புகளில் கேஷைப் பங்கு போடும் வசதி வந்து, 2017-இல் 4.10 கர்னலில் அதற்கான இடைமுகமும் வந்தது. அதை இயக்கி வைத்திருக்கும் நிறுவனங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இன்னும் பெரிய ஓட்டை ஸ்டோரேஜ். ஒரு நிறுவனத்தில் பெரும் செலவில் உற்பத்திக்கும் (வாடிக்கையாளர்களுக்காக நிஜமாக ஓடும் சிஸ்டம்) சோதனைக்கும் தனித்தனி பார்ட்டிஷன் போட்டார்கள். இரண்டும் ஒரே ஸ்டோரேஜ் அரேயில், ஒரே டிஸ்க் குழுவில் உட்கார்ந்திருந்தன. சோதனைப் பக்கம் டேட்டாபேஸ் பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் உற்பத்திப் பக்கம் மூச்சுத் திணறியது. சிபியு சுவரின் இரு பக்கமும் அமைதி. பிரிப்பது என்று முடிவு செய்துவிட்டால், கோரிக்கை போகும் பாதை முழுவதையும் தாளில் வரைந்து, எங்கெல்லாம் இரண்டு கோடுகள் ஒன்றாகச் சேருகின்றன என்று பார்க்க வேண்டும். அந்த ஒரு தாள் இல்லாமல் போட்ட பார்ட்டிஷனை நான் நம்புவதில்லை.

வேகத்தோடு சம்பந்தமே இல்லாத காரணங்களுக்காகவும் பிரிக்க வேண்டியிருக்கிறது. மென்பொருள் திருத்தம் போடும் தேதி வேறு, கர்னல் பதிப்பு வேறு, ரீபூட் செய்ய அனுமதிக்கும் நேரம் வேறு என்றால் பங்கீட்டால் உதவ முடியாது, ஒரே ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஒரே ரீபூட்தான். பாதுகாப்பு இன்னொன்று. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிப் பாதுகாப்புக் குறைகள் வெளியானபோதும், அதே வருடம் ஆகஸ்டில் எல்1டிஎஃப் என்ற இன்னொரு குறை வந்தபோதும், ஒரே கோரின் இரண்டு ஹைப்பர்த்ரெட்டுகளில் நம்பிக்கையில்லாத இருவரை உட்கார வைப்பதே ஆபத்து என்று தெரிந்தது. அப்படி உட்காராமல் தடுக்கும் கோர் ஷெட்யூலிங் லினக்ஸுக்குள் வந்தது 2021-இல், 5.14 பதிப்பில். வெவ்வேறு வாடிக்கையாளர்களின் நிரல்களை ஓட்டுகிறீர்கள் என்றால், பங்கீடு மட்டும் போதுமா என்ற விவாதத்துக்கே இடமில்லை. பிரியுங்கள்.

லைசென்ஸ்தான் பல நிறுவனங்களில் உண்மையான தீர்ப்பைச் சொல்கிறது. டேட்டாபேஸ் விற்கும் ஆரக்கிள் வெளியிட்டிருக்கும் பார்ட்டிஷன் கொள்கை ஆவணம், கெட்டிப் பிரிவினை, மென் பிரிவினை என்று வகை பிரிக்கிறது. வரம்பிட்ட சோலாரிஸ் ஜோன், ஐபிஎம் எல்பார், வரம்பிட்ட மைக்ரோ பார்ட்டிஷன், ஹெச்பியின் என்பார், விபார் எல்லாம் கெட்டிப் பக்கம். ஐபிஎம் ஏஐஎக்ஸின் ஒர்க்லோடு மேனேஜர், ஹெச்பியின் பிராசஸ் ரிசோர்ஸ் மேனேஜர், விஎம்வேர் எல்லாம் மென் பக்கம். மென் பக்கத்தில் இருப்பதை வைத்து லைசென்ஸ் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. பணத்தில் பாருங்கள்: 64 கோர் உள்ள இன்டெல் சர்வரில் டேட்டாபேஸை 8 கோருக்குள் அடக்கி ஓட்டுகிறீர்கள். கோருக்கு அரை லைசென்ஸ் என்ற கணக்கில், 8 கோருக்கு 4 லைசென்ஸ். பங்கீட்டு விதியால் அடக்கினால் 64 கோருக்கும் சேர்த்து 32 லைசென்ஸ். அதே வேலை, அதே வேகம், எட்டு மடங்கு. அந்த ஆவணம் தகவலுக்கானது மட்டுமே, ஒப்பந்தத்தின் பகுதி ஆகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எப்படி இருந்தாலும், தொழில்நுட்பக் காரணத்தால் பங்கீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆடிட் வந்தபின் முழிப்பதைவிட, கொள்முதல் துறை ஆளை முதல் கூட்டத்துக்கே அழைப்பது மேல்.

இவ்வளவு சொன்ன பிறகும், பங்கீட்டுக்கு எதிராகப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அது சரியாக நடக்கும் இடத்தில் கிடைக்கும் லாபம் பெரியது. போர்க் கட்டுரையில் வரும் ஓர் எண்ணை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. உற்பத்தி வேலைகளையும் மற்ற வேலைகளையும் தனித்தனி இயந்திரங்களில் பிரித்திருந்தால், ஒரு நடுத்தரத் தொகுதிக்கு 20 முதல் 30 சதவீதம் கூடுதல் இயந்திரங்கள் தேவைப்பட்டிருக்கும். கூகுளின் அளவில் அது எத்தனை கட்டிடம் என்று யோசியுங்கள்.

ஆனால் அந்த லாபம் எங்கிருந்து வருகிறது? கூகுளிடம் காத்திருக்கச் சம்மதிக்கும் வேலை ஏராளமாக இருக்கிறது. தேவைப்பட்டால் கொன்றுவிட்டு வேறொரு இயந்திரத்தில் மறுபடி தொடங்கக்கூடிய பேட்ச் வேலைகள். முக்கியமான வேலைக்கு உறுதியளித்து, அது பயன்படுத்தாத மிச்சத்தை மற்றவர்களுக்குக் கடன் கொடுத்து, கேட்டதும் திருப்பி வாங்கிக்கொள்ள முடிகிறது. உங்கள் சர்வரில் அப்படி யார் இருக்கிறார்கள்? நான்கு குழுக்களும் "எங்களுடையது மிக முக்கியமான சிஸ்டம்" என்று எழுதிக் கொடுத்து, நான்குக்கும் காலை பத்து மணிக்கே உச்ச நெரிசல் என்றால், வளப் பங்கீட்டு மென்பொருள் எடுப்பதற்கு எதுவுமே இல்லை. எல்லோரையும் சமமாக மெதுவாக்க மட்டும்தான் அதனால் முடியும். அங்கே தேவை கூடுதல் சர்வர், பங்கீடு இல்லை.

காத்திருக்கச் சம்மதிப்பவர் இருந்தாலும், அந்தச் சம்மதத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஏரிப்பாசனம் இருக்கும் ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் மடை திறப்பது என்ற முறை ஊருக்கே தெரிந்ததுதான். ஆனாலும் இரவில் போய் நின்று, திறந்து மூடி, தண்ணீர் குறைந்த வருடத்தில் முறையை மாற்றி, சண்டை வந்தால் பேசித் தீர்ப்பது அவர் வேலை. ஊரே சேர்ந்து அவருக்குக் கூலி நெல் அளந்தது. சர்வரில் பங்கு எண்களை ஒருநாள் எழுதி வைத்துவிட்டு, அந்த வேலைக்கு ஆள் வைக்காமல் விட்டால், ஒரு வருடத்தில் வேலைகளின் குணம் மாறி, எண்கள் மட்டும் பழையபடி நிற்கும். சுவருக்கு இவ்வளவு கவனிப்பு வேண்டியதில்லை. வீணாவது வீணாகட்டும் என்று ஒப்புக்கொண்டால் போதும். ஐந்து பேர் உள்ள குழுவுக்கு அந்த வீண் மலிவாகவே முடியும் என்று நான் சொல்லத் தயங்குவதில்லை. ஒரு பொறியாளரின் நேரத்தைவிட நான்கு சும்மா கிடக்கும் கோர்களின் விலை பல சமயம் குறைவு.

என்னிடம் கேட்டால், சுவர்களைக் குறைவாகவும் கெட்டியாகவும் வைப்பேன். நம்பிக்கை எல்லை மாறும் இடத்தில் ஒன்று, ரீபூட் நேரம் மாறும் இடத்தில் ஒன்று, லைசென்ஸ் கட்டாயப்படுத்தும் இடத்தில் ஒன்று. அதற்குள்ளே எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு, சிபியுவைப் பங்கால், மெமரியை நிலையான எண்ணால் நிர்வகிப்பேன். ஒவ்வொரு குழுவிடமும் ஒரே ஒரு வரி எழுதி வாங்குவேன்: நெருக்கடியில் உங்களுடைய எந்த வேலை, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? எழுதித் தர மறுக்கும் குழுவுக்குச் சுவரும், அந்தச் சுவருக்குரிய செலவும். அப்புறம், கர்னலின் பிஎஸ்ஐ எண்களைத் தினமும் சேமிப்பேன். ஃபேஸ்புக் பொறியாளர்கள் கொண்டுவந்து 2018 டிசம்பரில் 4.20 பதிப்பில் சேர்ந்தது அது. சிபியு எத்தனை சதவீதம் பிஸி என்பதை விட்டுவிட்டு, சிபியுவுக்கோ மெமரிக்கோ டிஸ்க்குக்கோ வேலைகள் எத்தனை சதவீத நேரம் காத்துக் கிடந்தன என்று சொல்லும். யார் காத்திருந்தார்கள் என்பதை சிகுரூப்வாரியாகவே பார்க்கலாம். உடன்பாடு பேசியபடி நடக்கிறதா என்று பார்க்க இதைவிட நேரடியான அளவு எனக்குத் தெரியாது.

இப்போது ஜிபியு வாங்கும் இடங்களில் எல்லாம் இதே கூட்டம் மறுபடி கூடுகிறது. என்விடியா 2020-இல் கொண்டுவந்த ஏ100-இல் மிக் என்ற வசதி, ஒரு ஜிபியுவை அதிகபட்சம் ஏழு துண்டாக வன்பொருள் அளவிலேயே பிரிக்கும். 40 ஜிபி அட்டையில் ஒவ்வொரு சிறிய துண்டுக்கும் 5 ஜிபி மெமரி, தனி கேஷ் பகுதி, தனி மெமரிப் பாதை. சிபியு பக்கம் நாம் கேட்டுக்கொண்டே இருந்த சுவர் இங்கே நன்றாகவே அமைந்திருக்கிறது. ஆனால் துண்டின் அளவை மாற்ற வேண்டுமென்றால், அதில் ஓடுவதை நிறுத்திவிட்டுத்தான் மாற்ற முடியும். இன்னொரு வழி டைம் ஸ்லைசிங், எல்லோரும் முறை வைத்து முழு ஜிபியுவையும் எடுத்துக்கொள்வது. அதில் மெமரிக்குச் சுவர் கிடையாது, ஒருவர் மெமரியை முழுவதும் பிடித்துவிட்டால் அடுத்தவரின் வேலை விழும். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் மாடல்களுக்கு மிக், ஆய்வாளர்கள் பகலில் தட்டிப் பார்க்கும் நோட்புக்குகளுக்கு டைம் ஸ்லைசிங் என்று நான் சொல்லி வருகிறேன். நோட்புக் பயன்படுத்துபவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: உங்கள் வேலை பாதியில் நின்றால் பரவாயில்லையா? பரவாயில்லை என்பவர்களை ஒரே ஜிபியுவில் சேர்த்துவிடலாம்.